பயத்துக்கு ஒரு துண்டு

முட்காட்டில் கூழையன் என்ற கிழட்டுக் காட்டுப்பன்றி இருந்தது. அதற்கு வால் கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அது உப்பு மண் கிடைக்கும் உவர்ப்பள்ளத்தில் மண் நக்கிக்கொண்டிருந்தது. அப்போது மேட்டுக்காட்டுக் காட்டெருமை ஒன்று அதன் வாலை மிதித்துவிட்டது. வால் மண்ணோடு போயிற்று. மிதித்த காட்டெருமையின் பெயர் திமிலன். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது.

"மிதித்ததைக்கூட மன்னிப்பேன்! திரும்பிப் பார்க்காததை மன்னிக்கவே மாட்டேன்!" என்று கூழையன் ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டுக் கேட்டு மற்றப் பன்றிகளுக்குக் காது புளித்துவிட்டது.

முட்காட்டுக்கு மேற்கே மேட்டுக்காடு. அங்கே மழை உண்டு, நிழல் உண்டு, இடுப்பளவு புல் உண்டு. உப்பு மட்டும் கிடையாது. கிழக்கே ஆற்றோரமாக நாணற்காடு. அது மிகச் சின்னக் காடு. முயல்களும் கீரிகளும் சில மான்களும் இருந்தன. எந்தக் கூட்டத்துக்கும் அந்தக் காட்டைக் கூப்பிட யாருக்கும் ஞாபகம் வந்ததில்லை.

மூன்று காட்டுக்கும் உவர்மண் உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான். அது முட்காட்டின் நடுவில் இருந்த உவர்ப்பள்ளம். வெயில் ஏறத் தொடங்கினால் எல்லா விலங்குகளும் குட்டிகளோடு அங்கே வந்து மண்ணை நக்கும். நக்காவிட்டால் தாய்க்குப் பால் வற்றும், குட்டிக்கு எலும்பு உறுதிப்படாது. ஆகவே எவ்வளவு பெரிய விலங்கானாலும் வருஷத்துக்கு ஒருமுறை அங்கே தலையைத் தாழ்த்தித்தான் ஆகவேண்டும்.

ஒரு வருஷம் மழை ஓயும் சமயத்தில் காட்டுக்குள் ஒரு நோய் வந்தது. முதலில் வாயில் கொப்புளம் வரும். பிறகு நாக்கு வெந்துபோகும். இரை எடுக்க முடியாது, தண்ணீர் குடிக்க முடியாது. பெரியவற்றில் பாதி இளைத்துத் துரும்பாகிப் பிழைத்தன. குட்டிகள் பிழைக்கவில்லை.

"இது நாணற்காட்டுச் சேற்றிலிருந்து வந்தது!" என்றன மேட்டுக்காட்டு விலங்குகள்.

"இல்லை, மேட்டுக்காட்டுப் பனியில் வந்தது!" என்றன முட்காட்டு விலங்குகள்.

நாணற்காடு என்ன சொன்னது என்று யாரும் கேட்கவில்லை.

மேட்டுக்காட்டில் ஒரு கருமந்தி இருந்தது. மரத்துக்கு மரம் தாவி எல்லாவற்றையும் கவனிக்கிற குரங்கு. அது ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தது. பாறை நிழலில் ஒரு கிழங்கு விளைகிறது. வாயில் வைத்தால் அவ்வளவு கசப்பு. அதைக் கொறித்த முள்ளம்பன்றிகளுக்கு மட்டும் நோய் வரவில்லை!

உடனே மேட்டுக்காட்டில் கூட்டம் போட்டார்கள். திமிலன்தான் தலைவன்.

"நல்ல செய்தி!" என்றது திமிலன். "ஆனால் முள்ளம்பன்றிக்கு ஒத்துக்கொண்டது நமக்கும் ஒத்துக்கொள்ளுமா? யார் தின்று பார்ப்பது?"

எல்லாம் அவரவர் குளம்பைப் பார்த்துக்கொண்டு நின்றன.

"முட்காட்டுப் பன்றியைக் கூப்பிடுங்கள்! அது எதையும் தின்னும்!" என்றது ஒரு கடமான். கூட்டம் முழுவதும் சிரித்தது.

கருமந்தி வந்து கூப்பிட்டபோது கூழையனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் வாலை மிதித்தவனுக்கு நான் தின்று காட்ட வேண்டுமா? போடா, மரமேறி!" என்று உறுமியது. ஆனால் அதன் மகள் செவலை அப்போது நிறைமாதமாக இருந்தது. பிறக்கப்போகும் குட்டிகளை நினைத்துக் கூழையன் எழுந்து நடந்தது.

மேட்டுக்காட்டில் எல்லோரும் பார்க்க அது ஒரு துண்டுக் கிழங்கைத் தின்றது. அன்று பகல் முழுவதும் உடம்பு கொதித்தது. நாலு காலும் நடுங்கின. பாறை மறைவில் விழுந்து கிடந்தது. மறுநாள் காலையில் எழுந்துவிட்டது. பிறகு நோய்கண்ட மான்களோடு அதைப் பத்து நாள் விட்டார்கள். அவை குடித்த தண்ணீரைக் குடித்தது. அவை எச்சில் ஒழுகவிட்ட புல்லில் படுத்தது. ஒரு கொப்புளம்கூட வரவில்லை!

ஆனால் நோய் வருவதற்கு முன்னால் தின்றால்தான் காப்பு. வந்தபின் தின்ற மான்களுக்கு ஒரு பயனும் இல்லை. அதையும் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

"கூழையா! நீ செய்த உதவியை மறக்க மாட்டோம்!" என்று திமிலன் எல்லோர் முன்னாலும் சொன்னது. "எடுக்கிற கிழங்கில் முதல் பங்கு முட்காட்டுக்குத்தான்!"

வாலைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் கூழையன் சந்தோஷமாக ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தது. ஏழு வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் அதற்கு வால் ஞாபகம் வரவில்லை.

ஐந்து நாள் ஆயிற்று. கிழங்கு வரவில்லை. பத்து நாள் ஆயிற்று. வரவில்லை. செவலை ஆறு குட்டி போட்டது. ஆறும் முதுகில் கோடு கோடாக, வெள்ளரிப்பிஞ்சு போல இருந்தன. கூழையன் அவற்றை முகர்ந்து பார்த்துவிட்டு நேரே மேட்டுக்காட்டுக்குப் புறப்பட்டது.

எல்லையில் கருமந்தி ஒரு கிளையில் உட்கார்ந்து வழியை மறித்தது. "அண்ணே, இப்போது உள்ளே போக முடியாது. நோய்க் காட்டிலிருந்து வருகிறவர்களை விடக்கூடாது என்று உத்தரவு!"

"நான் நோயே வராத பன்றி! நீங்கள்தான் பார்த்தீர்களே!"

"உத்தரவில் பெயர் போடவில்லை, அண்ணே."

சத்தம் கேட்டுத் திமிலனே வந்துவிட்டது. அதன் பின்னால் குகை வாயில் தெரிந்தது. குகைக்குள் கிழங்கு மலைபோலக் குவிந்து கிடந்தது.

"இவ்வளவு இருக்கிறதே! மூன்று காட்டுக்கும் ஆளுக்கு ஒரு துண்டு தாராளமாக வருமே!" என்றது கூழையன்.

"எங்கள் காட்டில் ஆளுக்கு மூன்று துண்டு என்று முடிவு செய்திருக்கிறோம்," என்றது திமிலன். "ஒன்று இப்போதைக்கு. ஒன்று அடுத்த மழைக்கு. ஒன்று பயத்துக்கு."

"பயத்துக்கா? பயத்துக்கு வாய் இருக்கிறதா, தின்பதற்கு?"

"நாளைக்கு என்ன வருமோ, யாருக்குத் தெரியும்! எங்கள் மண்ணில் விளைந்தது. எங்களுக்குப் போகத்தான் பிறருக்கு!"

"தின்று பார்த்த வயிறு என்னுடையது!"

"அதற்குத்தான் நன்றி சொல்லிவிட்டோமே!" என்று சொல்லிவிட்டுத் திமிலன் திரும்பி நடந்தது. இந்த முறையும் அது பின்னால் பார்க்கவில்லை.

கூழையன் திரும்பி வந்தது. வரும் வழியெல்லாம் எதிர்ப்பட்ட புற்றையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டே வந்தது. அதனால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை.

இருபது நாளில் செவலையின் குட்டிகளில் இரண்டுக்கு வாய் வெந்தது. பசி இருந்தது. மடி இருந்தது, மடியில் பால் இருந்தது. வாயை வைத்தால் எரிந்தது. வைப்பதும் கத்துவதுமாக மூன்று நாள் கிடந்து இரண்டும் செத்துப்போயின. மற்ற நாலையும் செவலை வேறு புதருக்கு இழுத்துக்கொண்டு போய்த் தனியாக வைத்துக் காத்தது.

கூழையன் அந்த மூன்று நாளும் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது. அதற்கு ஒன்றும் வரவில்லை. தனக்கு ஒன்றும் வராது என்பதே அதற்கு வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் மேட்டுக்காட்டிலிருந்து கிழங்கு வந்தது!

கருமந்தியும் அதன் கூட்டமும் தேக்கிலையில் சுற்றிக் கொண்டுவந்து எல்லையில் குவித்துவிட்டு ஓடிப்போயின. எத்தனை தின்ன வேண்டும், தின்றால் ஒரு நாள் உடம்பு கொதிக்கும், நோய் வந்தவை தின்னக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முட்காட்டு விலங்குகள் ஆவலோடு பாய்ந்து தின்றன. கொஞ்ச நேரத்தில் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தன. ஏற்கெனவே நோயில் இருந்த ஒரு புள்ளிமான் தின்ற அன்றே செத்தது.

கூழையன் வந்து ஒரு கிழங்கை முகர்ந்து பார்த்தது. "இது அழுகல்! நல்ல கிழங்கு இப்படி நாறாது! தோண்டி ஒரு மாதம் ஆகியிருக்கும். குகையில் ஓரமாகக் கிடந்து வேர்த்துப்போனதை நம் தலையில் கட்டியிருக்கிறார்கள்! யாரும் தின்னாதீர்கள். நல்லது வந்தால் நானே சொல்கிறேன்!"

பாதிப் பேச்சைத்தான் எல்லோரும் கேட்டார்கள். "தின்னாதீர்கள்" என்றது மட்டும் காடு முழுவதும் பரவியது. "கிழங்கு கொல்லுமாம்!" என்று நாணற்காடு வரைக்கும் போயிற்று. அதற்குப் பிறகு கசப்புக்கிழங்கு என்று பேச்செடுத்தாலே தாய்கள் குட்டிகளை மறைத்துக்கொண்டன.

வெயில் ஏறியது. மேட்டுக்காட்டு விலங்குகள் உவர்ப்பள்ளத்துக்கு இறங்கி வந்தன. கிழங்கு தின்ற தைரியம். வழவழவென்று உடம்பு மின்ன, தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தன. கூடவே கன்றுகளும் வந்தன. எல்லாம் கிழங்கு பங்கிட்ட பிறகு பிறந்தவை, ஒரு துண்டும் தின்னாதவை.

கூழையன் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு காட்டெருமைக் கன்று துள்ளிக்கொண்டு அதனிடம் வந்தது. பிறந்து நாற்பது நாள்கூட இருக்காது. காலெல்லாம் முழங்காலாக இருந்தது.

"தாத்தா, உங்கள் வால் எங்கே?" என்று கேட்டது.

"உன் அப்பன் பெயர் என்ன?"

"திமிலன்!"

"அப்படியானால் அவனைப் போய்க் கேள்!"

கன்று விழுந்து விழுந்து சிரித்தது. பின் பள்ளத்தின் தென்கோடி மூலைக்குப் போய் மண்ணை நக்கத் தலையைக் குனிந்தது. அந்த மூலையில்தான் அன்று காலை நோய்கண்ட மான் ஒன்று எச்சில் ஒழுக நக்கிவிட்டுப் போயிருந்தது. கூழையன் பார்த்திருந்தது.

கூழையனின் வாய் திறந்தது. 'அங்கே நக்காதே!' என்ற இரண்டு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது.

'எனக்கென்ன? எங்களுக்குக் கிழங்கு கொடுத்தபோது யார் சொன்னார்கள்?' என்று அது நினைத்தது. வாயை மூடிக்கொண்டது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது.

மேட்டுக்காட்டில் பத்தாவது நாள் ஒரு கன்றின் வாயில் கொப்புளம் வந்தது. பிறகு நாலு கன்றுகளுக்கு வந்தது. பிறகு எண்ணமுடியவில்லை.

"பயப்படாதீர்கள்! நம்மிடம் இரண்டு பங்கு பத்திரமாக இருக்கிறது!" என்று சொல்லித் திமிலன் குகையைத் திறக்கச் செய்தது. இன்னும் நோய் வராத கன்றுகளுக்குக் கொடுக்கலாம் என்று எல்லோரும் ஓடினார்கள்.

குகைக்குள் கிழங்கு இல்லை. கறுப்பாகக் கூழ் இருந்தது. கிட்டப்போக முடியாத நாற்றம். புல் தின்பவற்றுக்குக் கிழங்கின் குணம் தெரியாது. மண்ணை விட்டு எடுத்த கிழங்கு அடுத்த பௌர்ணமி தாங்காது என்று எந்தப் பன்றியைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். யாரும் கேட்கவில்லை. அடுத்த மழைக்கு வைத்ததும் அழுகிவிட்டது, பயத்துக்கு வைத்ததும் அழுகிவிட்டது. பயம் மட்டும் கெடாமல் இருந்தது.

புதிதாகத் தோண்டலாம் என்று பாறை நிழலுக்குப் போனார்கள். அங்கே ஒரு கொடிகூட இல்லை. முதலில் தோண்டியபோது கொம்பால் குத்தி வேரோடு பிடுங்கியிருந்தார்கள். மண்ணும் இறுகிக் கல்லாகக் கிடந்தது.

ஒரு நாள் காலையில் திமிலன் முட்காட்டுக்கு வந்தது. கூட யாரும் காவலுக்கு வரவில்லை. பத்தடி பின்னால் அதன் பெண்காட்டெருமை மட்டும் வந்தது. பன்றிகள் எல்லாம் கூடிவிட்டன.

"கூழையா," என்றது திமிலன். "எங்கள் காட்டில் மண்ணுக்கடியில் எங்கேயாவது கிழங்கு மிச்சம் இருக்கும். எங்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. உன் மூக்கு வேண்டும்."

"மூக்கா? வாலை முன்னாலேயே எடுத்துக்கொண்டாய்! இப்போது மூக்குக்கு வந்திருக்கிறாயா? அடுத்த வருஷம் காதுக்கு வருவாயோ?"

பன்றிகள் எல்லாம் சிரித்தன. கூழையனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஏழு வருஷமாக இந்த ஒரு நாளுக்குத்தானே காத்திருந்தது! "ஆளுக்கு மூன்று துண்டு வைத்திருந்தீர்களே, திமிலனாரே! ஒன்று பயத்துக்கு என்றீர்களே! அதைத் தின்பதுதானே!"

திமிலன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

அப்போது பெண்காட்டெருமை முன்னால் வந்தது. அதன் மடி கனத்துத் தொங்கியது. நடக்க நடக்கப் பால் தானாகச் சொட்டிப் புழுதியில் விழுந்தது. குடிக்கக் கன்று இல்லை என்பதை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"வாலில்லாத தாத்தா நீங்கள்தானா?" என்று அது கேட்டது. "உவர்ப்பள்ளத்தில் உங்களைப் பார்த்ததாக என் கன்று சொன்னது. நீங்கள் பேசியதைச் சொல்லிச் சொல்லி வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தது."

கூழையன் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பன்றிகளின் சிரிப்பும் நின்றுவிட்டது.

பின்னால் நின்றிருந்த செவலை முன்னால் வந்தது. "அப்பா, உங்கள் வால் போனது உங்களோடு. என் குட்டிகள் இன்னும் நாலு இருக்கின்றன. நீங்கள் வரவில்லை என்றால் நான் போகிறேன். எனக்கும் மூக்கு இருக்கிறது."

கூழையன் எழுந்தது. "நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்!" என்று திமிலனைப் பார்த்துச் சொன்னது. "தோண்டத்தான் வருகிறேன்."

முப்பது பன்றிகள் மேட்டுக்காட்டுக்கு ஏறின. கருமந்தி வழியை விட்டுக் கிளைமேல் ஒதுங்கி, "வாருங்கள் அண்ணே, வாருங்கள் அக்கா," என்று குழைந்தது. கூழையன் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மூக்கைத் தரையோடு வைத்துப் பாறை இடுக்கு ஒவ்வொன்றாக முகர்ந்தது. காட்டெருமைக் கொம்பு எட்டாத ஆழத்தில், கல்லுக்கடியில், கிழங்கு இருந்தது. எல்லாம் எலிக்குஞ்சு அளவு.

"தலையை விட்டுவிட்டு உடம்பை மட்டும் கடித்து எடுங்கள்! தலை மண்ணில் இருந்தால் மழைக்கு மறுபடி வரும்! மண்ணை நன்றாகக் கிளறிப் போடுங்கள்!" என்று அது கத்திக்கொண்டே போனது. மூன்று நாள் தோண்டின. மூக்குத்தோல் உரிந்து ரத்தம் வந்தது. கடைசியில் ஒரு குவியல் சேர்ந்தது. பெரிய குவியல் இல்லை. மூன்று காட்டிலும் உள்ள குட்டிகளுக்கும் சினையாக இருப்பவற்றுக்கும் சரியாக இருக்கும். மற்றவற்றுக்குப் போதாது.

அப்போது கூழையனின் தம்பி மகன் சிலுப்பன் குவியலுக்கு முன்னால் வந்து முடியைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. நல்ல முரட்டுப் பன்றி. "பெரியப்பா! இதை ஏன் பங்கிட வேண்டும்? நம் காட்டுக்குக் கொண்டுபோனால் எல்லோருக்கும் வரும். நம் மூக்கு தோண்டியது! நமக்குப் போகத்தான் பிறருக்கு!"

"ஆமாம்! ஆமாம்!" என்றன இளம்பன்றிகள்.

கூழையன் திமிலனைப் பார்த்தது.   இத்தனை காட்டெருமைகளும் சேர்ந்தால் முப்பது பன்றிகளை மிதித்தே கொன்றிருக்கலாம். ஆனால் ஒன்றும் அசையவில்லை. எல்லாம் கூழையனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏழு வருஷத்துக்கும் சேர்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

கூழையன் குவியலை ஒருமுறை முகர்ந்து பார்த்தது. பிறகு சிலுப்பனைப் பார்த்துச் சொன்னது: "டேய், இந்த வார்த்தையை நான் எல்லையில் நின்று கேட்டிருக்கிறேன். அன்று காட்டெருமை வாயிலிருந்து வந்தது. இன்று என் வீட்டு வாயிலிருந்து வருகிறது. வாய்தான் வேறு, நாற்றம் ஒன்றுதான்! விலகு!"

சிலுப்பன் விலகியது.

குவியலை உவர்ப்பள்ளத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது மூன்று காட்டுக்கும் பொது இடம் அல்லவா! சேதி கேட்டு எல்லா விலங்குகளும் வந்தன. நாணற்காட்டிலிருந்தும் ஒரு கூட்டம் வந்து பின்வரிசையில் நின்றது. அதில் ஒரு பெண்முயல் கூட்டத்தின் கால்களுக்கிடையில் புகுந்து முன்னால் வந்துவிட்டது. அதன் பெயர் துடிச்சி.

"உன்னை யார் கூப்பிட்டது?" என்றது கருமந்தி.

"யாரும் கூப்பிடவில்லை. எப்போது கூப்பிட்டீர்கள், இப்போது கூப்பிட? நோய் மட்டும்தான் எங்களைக் கூப்பிடாமல் விடவில்லை!" என்றது துடிச்சி.

திமிலன் தொண்டையைச் செருமியது. "நேரமில்லை! நாள் போனால் கிழங்கு கெட்டுவிடும். எல்லாத் தாய்களும் குட்டிகளைக் கொண்டுவந்து வரிசையில் நில்லுங்கள்! ஆளுக்கு ஒரு துண்டு!"

ஒரு தாயும் அசையவில்லை. மான்கள் குட்டிகளைக் காலுக்குள் இழுத்துக்கொண்டன. கிழங்கு கொல்லும் என்றுதானே அவை கேட்டிருந்தன!

"நேரமில்லை என்றால் நாங்களும் இல்லை," என்றது துடிச்சி. "கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். பிறகு தின்கிறோம். போன தடவை தின்றவர்கள் ஏன் வாந்தி எடுத்தார்கள்?"

எல்லோரும் திமிலனைப் பார்த்தார்கள். அது தரையைப் பார்த்துச் சொன்னது: "அழுகலைக் கொடுத்தோம். வீணாகப் போவதற்குக் கொடுத்தால் நல்ல பெயராவது வருமே என்று கொடுத்தோம்."

பள்ளம் முழுவதும் ஓர் இரைச்சல் எழுந்து அடங்கியது.

"மான் செத்தது?"

"அதற்கு ஏற்கெனவே நோய்," என்று கூழையன் சொன்னது. "நோய் வந்தபின் தின்றால் பயனில்லை. அதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை."

"நல்ல கிழங்கைத் தின்றால் என்ன ஆகும், கூழை மாமா? மறைக்காமல் சொல்லுங்கள்!"

"ஒரு நாள் உடம்பு கொதிக்கும். கால் நடுங்கும். செத்துவிடுவோமோ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மறுநாள் பசி எடுக்கும்."

"எத்தனை வருஷம் காக்கும்?"

"தெரியாது. நான் தின்று மூன்று மாதம் ஆகிறது. எனக்கு ஒன்றும் இல்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது."

தெரியாது என்று அது சொன்ன பிறகுதான் தாய்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. எல்லாம் தெரியும் என்று சொல்கிறவர்களை அவை நிறையப் பார்த்திருந்தன. ஒரு மான் தன் குட்டியைக் காலுக்கிடையிலிருந்து வெளியே விட்டது.

"இன்னும் ஒன்று இருக்கிறது," என்றது கூழையன்.  அது பெண்காட்டெருமையின் பக்கம் திரும்பியது. "அம்மா, உங்கள் கன்று மண் நக்கியது அதோ அந்தத் தென்கோடி மூலையில். அது நோய்கண்ட மான் நக்கிய இடம் என்று எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை என்று ஏழு வருஷமாகப் பேசினேன். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்."

 திமிலனின் மூச்சு பெரிதாகக் கேட்டது. அதன் கொம்பு தாழ்ந்தது. கூழையன் ஓடவில்லை.

பெண்காட்டெருமை அந்த மூலையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு செவலையின் பக்கம் பார்த்தது.

"உங்களுக்கு இன்னும் நாலு குட்டி இருக்கிறது என்றீர்களே. எங்கே? அவற்றை முதலில் கொண்டுவந்து தின்னச் சொல்லுங்கள்," என்றது.

செவலை நாலு குட்டிகளையும் கொண்டுவந்தது. நாலும் தின்று முகத்தைச் சுளித்தன. ஒன்று துப்பிவிட்டு மறுபடி எடுத்துத் தின்றது. அதற்குப் பிறகு மான்கள் வந்தன, முயல்கள் வந்தன, மிச்சமிருந்த காட்டெருமைக் கன்றுகள் வந்தன. எந்தக் காடு என்று யாரும் கேட்கவில்லை. சினையா, குட்டியா என்று மட்டும் துடிச்சி கேட்டு அனுப்பியது. ஏற்கெனவே கிழங்கு தின்ற பெரிய காட்டெருமைகளில் ஒன்று மெதுவாக வரிசைக்குள் நுழையப் பார்த்தது. "மாமா, உங்களுக்கு என்ன, பயத்துக்கா?" என்று துடிச்சி கேட்டது. அது வெட்கப்பட்டுக்கொண்டு விலகிப் போயிற்று.

மறுநாள் மூன்று காட்டிலும் குட்டிகளுக்கு உடம்பு கொதித்தது. முன்னாலேயே சொல்லியிருந்ததால் ஒரு தாயும் அலறவில்லை. அதற்கு மறுநாள் குட்டிகள் பசி என்று கத்தின. அந்தச் சத்தம் கேட்டுக் கூழையன் ஒரு புதருக்குள் போய் நிம்மதியாகத் தூங்கியது.

அடுத்த மழையில் கிளறிப்போட்ட மண்ணில் கிழங்குக் கொடி தளதளவென்று வந்தது. பன்றிகள் தோண்டின. கருமந்திகள் இரண்டு நாளுக்குள் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தன. முயல்கள் வளைக்கு வளை போய் விவரம் சொல்லின. யாருக்கு முதலில் என்பதை உவர்ப்பள்ளத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். சண்டை வராமல் இல்லை. முதல் கூட்டமே மூன்று நாள் நடந்தது. ஆனால் கிழங்கு அழுகுவதற்குள் முடிந்துவிட்டது.

அந்த வெயில் காலத்தில் கூழையன் உவர்மண் நக்க வந்தபோது திமிலன் அங்கே நின்றுகொண்டிருந்தது. கூழையனைக் கண்டதும் நாலடி பின்னால் போனது. காலை எங்கே வைக்கிறோம் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

"இப்போதுதான் பின்னால் பார்க்கத் தெரிந்ததா?" என்றது கூழையன்.

"ஆமாம்," என்றது திமிலன். "வால் விஷயத்தை விட்டுவிடலாமா?"

"வால் முளைத்தால் சொல்லி அனுப்புகிறேன்!" என்று சொல்லிவிட்டுக் கூழையன் தலையைக் குனிந்து மண்ணை நக்கியது. கொஞ்ச நேரம் கழித்து, திமிலனுக்கும் இடம் இருக்கும்படி சற்றுத் தள்ளி நின்றுகொண்டது.

பக்கத்துக் காட்டில் ஒரு குட்டி காப்பில்லாமல் நிற்கும்வரை நம் காட்டுக் குட்டிக்கும் காப்பில்லை. ஆகையால் மருந்தையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், அதைப் பற்றிக் கேட்கவும் முடிவு செய்யவும் உள்ள உரிமையையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.